பீடிக் கடையிலிருந்து உலகெங்கும்: கேத்வாடியின் நிசர்கதத்த மகராஜ்

முலுண்ட் (மும்பை): தெற்கு மும்பையின் கேத்வாடி பத்தாவது சந்தில் பீடியும் புகையிலையும் விற்றுவந்த கடைக்காரர் ஒருவர், தமது வீட்டின் சிறிய மாடியறையில் அமர்ந்து மராத்தியில் பேசியவை, இன்று உலகின் பல மொழிகளில் அத்வைத நாட்டம் கொண்டோர் விரும்பிப் படிக்கும் நூலாக நிலைத்துள்ளன. அவர் நிசர்கதத்த மகராஜ். இயற்பெயர் மாருதி சிவராம்பந்த் காம்ப்ளி. 1981ஆம் ஆண்டு செப்டம்பர் 8ஆம் தேதி, தமது 84ஆவது வயதில் அவர் மும்பையில் காலமானார்.

முலுண்டிலிருந்து மத்திய ரயில் பாதையில் தாதர் வரை வந்து, மேற்கு ரயில் பாதைக்கு மாறி கிராண்ட் ரோடு நிலையத்தில் இறங்கினால், கேத்வாடி நடை தூரத்தில் உள்ளது. மும்பைத் தமிழர்களுக்கு அத்வைதம் புதிய சொல் அன்று. மாட்டுங்காவில் சங்கர மடம் உள்ளது. நவராத்திரியிலும் மார்கழியிலும் உபந்நியாசங்களுக்குக் குறைவில்லை. ஆயினும் கேத்வாடியில் நிகழ்ந்தது வேறு வகையானது. அங்கே பீடம் இல்லை, சமஸ்கிருதப் புலமை இல்லை, காவி உடை இல்லை, ஆசிரமமும் இல்லை. மனைவி, மக்கள், கடைக் கணக்கு ஆகியவற்றுக்கு நடுவில் வாழ்ந்த ஒருவர், எந்நேரமும் நம்மிடம் உள்ள அறிவுணர்வை அடையாளம் காண்பது ஒன்றே போதும் என்று ஓயாமல் வலியுறுத்தினார்.

பண்ணையிலிருந்து கடைத்தெருவுக்கு

மாருதி 1897ஆம் ஆண்டு ஏப்ரல் 17ஆம் தேதி, அனுமன் ஜயந்தி நாளில் பம்பாயில் பிறந்தார். அதனாலேயே அனுமனின் பெயரான மாருதி அவருக்குச் சூட்டப்பட்டது. பிளேக் நோய் அந்நகரை உலுக்கிக்கொண்டிருந்த காலம் அது. தந்தை சிவராம்பந்த் பம்பாயில் வீட்டு வேலை செய்தவர். பின்னர் அக்காலத்து ரத்னகிரி மாவட்டத்தின் காண்டல்காவ் என்னும் உட்கிராமத்தில் சிறு விவசாயியாகக் குடியேறினார். தாய் பார்வதிபாய். மாருதிக்கு இரண்டு சகோதரர்களும் நான்கு சகோதரிகளும் இருந்தனர்.

முறையான கல்வி அவருக்கு அதிகம் கிடைக்கவில்லை. மாடு மேய்த்தல், வயல் வேலை, வீட்டு வேலை என்றே இளமை கழிந்தது. தந்தையின் நண்பரான விஷ்ணு ஹரிபாவ் கோரே என்னும் பக்தி மிக்க அந்தணர், சமய விஷயங்களைப் பற்றி அடிக்கடி உரையாடுவார். சிறுவன் மாருதி அதை ஆர்வத்தோடு கேட்டிருந்தார் என்று அவரது வாழ்க்கைக் குறிப்புகள் கூறுகின்றன. பின்னாளில் ஏட்டுப் படிப்பில்லாத இம்மனிதர் கற்றறிந்தோரின் கேள்விகளை எவ்வாறு எதிர்கொண்டார் என வியப்போர் இந்தக் கேள்விச் செல்வத்தை மறந்துவிடக் கூடாது.

1915ஆம் ஆண்டு தந்தை இறந்தார். குடும்பத்தைக் காக்கும் பொருட்டு 1918இல் மாருதி பம்பாய் வந்தார். முதலில் ஓர் அலுவலகத்தில் இளநிலை எழுத்தர் வேலை. அது அவருக்கு ஒத்துவரவில்லை. விரைவில் சொந்தமாகச் சிறு கடை தொடங்கினார். பீடி, புகையிலை, துணிமணி ஆகியன அங்கு விற்பனையாயின. வியாபாரம் பெருகி, ஒரு கட்டத்தில் எட்டுக் கடைகளுக்கு அவர் உரிமையாளராக இருந்தார். 1924இல் சுமதிபாயை மணந்தார். மூன்று மகள்களும் ஒரு மகனும் பிறந்தனர்.

தாராவியில் வாழும் நெல்லைச் சீமைக் குடும்பங்களுக்குப் பீடித் தொழில் பற்றி யாரும் விளக்க வேண்டியதில்லை. ஊரில் முறத்தை மடியில் வைத்து இலை வெட்டித் தூள் நிரப்பிச் சுற்றும் பெண்களின் பேரன் பேத்திகள் அங்கே உண்டு. ஒரு பீடிக் கடைக்காரர் ஞானியானார் என்பது வெளிநாட்டு வாசகர்களுக்குப் புதுமையாகப் படலாம். சந்துக்குள் இருந்தோருக்கோ அவர் நெடுங்காலம் கடைக்காரர் மட்டுமே.

குருவின் ஒரே கட்டளை

1933ஆம் ஆண்டு திருப்பம் நேர்ந்தது. யஷ்வந்த்ராவ் பாக்கர் என்னும் நண்பர், மாருதியைச் சித்தராமேஷ்வர் மகராஜிடம் அழைத்துச் சென்றார். தத்தாத்ரேயரை முதல்வராகக் கொண்டு போற்றும் நவநாத சம்பிரதாயத்தில், இன்சகிரி கிளையின் குரு அவர். மராட்டிய எல்லையை ஒட்டிக் கர்நாடகத்தின் பிஜாப்பூர் வட்டாரத்தில் உள்ள ஊர் இன்சகிரி. அக்கிளையை நிறுவிய பாவுசாகேப் மகராஜ் நீண்ட நேர நாம தியானத்தை வலியுறுத்தியவர். சித்தராமேஷ்வரோ, விசாரணையாலும் தெளிவாலும் நேரடியாக உண்மையை எட்டலாம் என்று போதித்தார். முன்னதை எறும்பு ஊர்ந்து செல்லும் வழி என்றும், பின்னதைப் பறவை பறந்து செல்லும் வழி என்றும் அம்மரபினர் வேறுபடுத்துவர்.

மாருதிக்குக் கிடைத்த உபதேசம் மிகச் சுருக்கமானது. நீ உன்னை யாரென்று நினைக்கிறாயோ அது நீ அல்லை; நான் இருக்கிறேன் என்னும் உணர்வை மட்டும் பற்றிக்கொள்; வேறு எதிலும் மனத்தைச் செலுத்தாதே. இவ்வளவே அதன் சாரம். குருவின் சொல்லை அவர் முழுமையாக நம்பினார். கடையில் வாடிக்கையாளர் இல்லாத நேரம் முழுவதையும் அந்த ஒன்றிலேயே செலவிட்டார். ஏறத்தாழ மூன்று ஆண்டுகளில் தமக்குத் தெளிவு பிறந்ததாக அவரே பின்னர் தெரிவித்திருக்கிறார். 1936ஆம் ஆண்டு நவம்பர் 9ஆம் தேதி குரு மறைந்தார். அவருடன் பழகக் கிடைத்த காலமும் ஏறத்தாழ அந்த மூன்று ஆண்டுகளே.

இந்த உபதேசம் எளிதாகத் தோன்றினாலும் பிடிகொடுப்பதன்று. காலை நேர உள்ளூர் ரயிலில் நெரிசலில் நிற்கும் ஒருவரை எண்ணிப் பார்க்கலாம். அலுவலகத்தில் அவர் அதிகாரி, வீட்டில் தந்தை, ஊருக்குச் சென்றால் இன்னார் மகன். இடத்துக்கு இடம் அடையாளம் மாறுகிறது. ஆனால் இவ்வடையாளங்கள் ஒவ்வொன்றும் ஒட்டிக்கொள்வதற்கு முன்பாகவே, தாம் இருக்கிறோம் என்னும் அறிவு அவருக்கு உண்டு. அதற்கு ஆதார் அட்டை தேவையில்லை. யாரும் வந்து சான்று சொல்ல வேண்டியதில்லை. எண்ணங்கள் அனைத்தும் அதன் மீதே எழுகின்றன. பெயரையும் தொழிலையும் நீக்கிவிட்டு எஞ்சும் அந்த இருப்புணர்வில் நிற்குமாறு நிசர்கதத்தர் கூறினார்.

அங்கேயே அவர் நிறுத்தவுமில்லை. நான் இருக்கிறேன் என்னும் உணர்வும் விழிப்பில் தோன்றி ஆழ்ந்த உறக்கத்தில் மறைவது. உணவால் வளரும் உடலைச் சார்ந்தது. ஆகவே அதுவும் இறுதியானதன்று என்பது அவரது பிற்காலப் போதனையின் உச்சம். தோன்றி மறைவதை எது அறிகிறதோ, அது தோன்றுவதுமில்லை, மறைவதுமில்லை. அதைப் புதிதாக அடைவதற்கில்லை, ஏனெனில் அது ஒருபோதும் இல்லாமல் போனதில்லை. செய்தித் தமிழில் விழிப்புணர்வு என்றவுடன் பேரணியும் பதாகையுமே நினைவுக்கு வரும். இங்கு சுட்டப்படுவது அதுவன்று. நனவு வேறு, நனவுக்கும் சாட்சியான அறிவு வேறு என்னும் நுட்பமான பிரிவினை இது. இதை மொழிபெயர்த்தோர் எல்லா மொழிகளிலும் திணறியதில் வியப்பில்லை.

துறவும் திரும்பலும்

குருவின் மறைவுக்குப் பின் 1937இல் அவர் கடைகளையும் குடும்பத்தையும் விட்டு வெளியேறினார். இமயத்துக்குச் சென்று எஞ்சிய வாழ்நாளைக் கழிப்பது அவர் எண்ணம். பல இடங்களில் அலைந்தார். வழியில் சந்தித்த சக சீடர் ஒருவர், பற்றற்றுச் செயலாற்றுவதே துறவினும் மேலானது என்று எடுத்துரைத்தார். அது அவர் மனத்தில் தைத்தது. சுமார் எட்டு மாதங்களுக்குப் பின், 1938இல் பம்பாய்க்குத் திரும்பினார்.

திரும்பியபோது எட்டுக் கடைகளில் ஒன்றே மிஞ்சியிருந்தது. அவர் மற்றவற்றை மீட்க முயலவில்லை. அந்த ஒரு கடையின் வருமானம் குடும்பத்துக்குப் போதும் என்று அமைந்தார். பக்தர்கள் எழுதிய வரலாறுகள் இக்கட்டத்தை ஒரு வரியில் கடந்துவிடுகின்றன. எட்டு மாதம் கணவன் எங்கிருக்கிறான் என்று அறியாமல், சரிந்துகொண்டிருந்த வியாபாரத்தையும் நான்கு பிள்ளைகளையும் வைத்துக்கொண்டு சுமதிபாய் நாள்களை எவ்வாறு கழித்தார் என்பதற்கு அவ்வரலாறுகளில் இடமில்லை. 1942க்கும் 1948க்கும் இடைப்பட்ட ஆண்டுகளில் சுமதிபாய் இறந்தார். தொடர்ந்து ஒரு மகளும் இறந்தார்.

1951 முதல், குருவின் அருளாணை உள்ளத்தில் கிடைத்ததாக உணர்ந்த பின்னரே, பிறருக்கு மந்திர தீட்சை அளிக்கத் தொடங்கினார். 1963இல் அவர் எழுதிய சிறு மராத்தி நூல் ஒன்று வெளிவந்தது. 1966இல் கடைப் பொறுப்பிலிருந்து ஓய்வு பெற்றார்.

வார்சாவிலிருந்து வந்த பொறியாளர்

கேத்வாடிக் கடைக்காரரை உலகறியச் செய்தவர் மாரிஸ் பிரிட்மன். போலந்தின் வார்சா நகரில் 1901இல் யூதக் குடும்பத்தில் பிறந்த மின்பொறியாளர். 1930களில் மைசூர் சமஸ்தானத்தின் மின்கருவித் தொழிற்சாலையில் பணியாற்ற இந்தியா வந்தார். காந்தியடிகளுடன் பழகினார், புதிய வகை ராட்டையை வடிவமைத்தார், பாரதானந்தர் என்ற பெயரும் பெற்றார். அவுந்த் சமஸ்தானத்தின் மன்னர் தமது அதிகாரத்தை மக்களிடம் ஒப்படைத்த 1939ஆம் ஆண்டு அரசியலமைப்பு முயற்சியிலும் அவருக்குப் பங்குண்டு. பின்னாளில் திபெத்திய அகதிகளின் மறுவாழ்வுக்கும் உழைத்தார்.

தமிழ் வாசகர்களுக்கு நெருக்கமான செய்தி வேறொன்று. பிரிட்மன் திருவண்ணாமலைக்குச் சென்று ரமண மகரிஷியின் முன் அமர்ந்தவர். 1939இல் ரமணாசிரமம் வெளியிட்ட உரையாடல் நூலின் கேள்விகள் பலவற்றுக்கு அவரே காரணர். மதுரையில் 1896ஆம் ஆண்டு, பதினாறு வயதில் மரண அனுபவத்தை எதிர்கொண்டு அண்ணாமலைக்குச் சென்றவர் ரமணர். நான் யார் என்னும் விசாரணையை அவர் வழியாக்கினார். அவர் 1950இல் மறைந்தபின், பிரிட்மனுக்குக் கேத்வாடி மாடியறையில் அதே நெருப்பு மீண்டும் தென்பட்டது. ரமணரும் நிசர்கதத்தரும் நேரில் சந்தித்ததில்லை. ஆயினும் ரமணர் மீது நிசர்கதத்தருக்கு மிகுந்த மதிப்பு இருந்தது. ஒருவர், நான் என்னும் எண்ணம் எங்கிருந்து எழுகிறது என்று தேடச் சொன்னார். மற்றவர், நான் இருக்கிறேன் என்னும் உணர்விலேயே அசையாமல் நிற்கச் சொன்னார். இரண்டும் ஒரே கிணற்றில் இறங்கும் இரு படிக்கட்டுகள் என்றே பலரும் கருதினர். திருவண்ணாமலைக்கு வந்த வெளிநாட்டினர் பலர் அங்கிருந்து பம்பாய்க்கு ரயில் ஏறியதன் காரணம் இதுவே.

ஒலிநாடாவில் பதிவான மராத்தி உரையாடல்களைப் பிரிட்மன் ஆங்கிலத்தில் பெயர்த்தார். 101 உரையாடல்கள் அடங்கிய அந்நூல் 'ஐ ஆம் தட்' என்னும் பெயரில் 1973இல் வெளியானது. நிறுவப்பட்ட பெரிய பதிப்பகங்கள் முன்வராத நிலையில், சுதாகர் தீட்சித்தின் சேத்னா பதிப்பகம் மும்பையிலேயே அதைப் பதிப்பித்தது. நிசர்கதத்தருக்கு அப்போது வயது 76. தெருவில் அறியப்பட்டிருந்தவர், சில ஆண்டுகளில் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் படிக்கப்படுபவரானார்.

இதில் கவனிக்கத்தக்க ஒரு நிலை உண்டு. உலகம் நிசர்கதத்தரின் மொழி என்று கொண்டாடும் அந்த நறுக்குத் தெறித்த ஆங்கிலம், மராத்தியைத் தவிர வேறு மொழி பேசாத ஒருவருடையது அன்று. போலந்தைத் தாயகமாகக் கொண்ட பொறியாளர், தமக்கும் தாய்மொழியல்லாத ஆங்கிலத்தில் ஆக்கியது. கேத்வாடிச் சந்தின் கொச்சையும் கோபமும் கேலியும் அதில் எந்த அளவு வந்து சேர்ந்தன என்பது மராத்தி அறிந்தோர் மட்டுமே மதிப்பிடக்கூடியது. ஆனால் அந்த மொழிபெயர்ப்பு இல்லாவிட்டால் பத்தாவது சந்துக்கு வெளியே அவர் பெயர் சென்றிருக்காது என்பதில் ஐயமில்லை. பிரிட்மன் பம்பாயில் இறந்தபோது, நிசர்கதத்தர் அவர் படுக்கையருகில் இருந்தார்.

ஏணிப்படி ஏறிச் செல்லும் அறை

நூல் வெளிவந்தபின் மாடியறைக்கு வந்தோர் பெருகினர். செங்குத்தான ஏணி வழியே ஏறினால், முப்பது பேர் நெருக்கி அமரக்கூடிய தாழ்ந்த கூரையுடைய அறை. சுவர்களில் குருமரபின் படங்கள். நாள்தோறும் பஜனையும் ஆரத்தியும் தவறாமல் நடந்தன. எல்லாம் ஒன்றே என்று போதித்தவர் பூசையை ஏன் விடவில்லை என்று கேட்டோர் உண்டு. குரு செய்யச் சொன்னார், ஆகவே செய்கிறேன் என்பதே அவர் நிலை.

காலையிலும் மாலையிலும் உரையாடல். அவர் பேசுவது மராத்தியில்; சௌமித்ர முல்லர்பட்டன், ரமேஷ் பால்சேகர் உள்ளிட்டோர் மாறி மாறி ஆங்கிலத்தில் பெயர்த்துச் சொல்வர். பால்சேகர், பேங்க் ஆஃப் இந்தியாவில் உயர் பொறுப்பு வகித்து 1977இல் ஓய்வு பெற்றவர். கடைக்காரரின் காலடியில் வங்கியாளர் அமர்ந்து மொழிபெயர்த்த காட்சி, வியாபார நகரமான பம்பாயில் மட்டுமே அமையக்கூடியது. கேள்வி கேட்பவர் புத்தக அறிவைக் காட்டத் தொடங்கினால் மகராஜ் சீறுவார், குரல் உயரும், தொடை தட்டப்படும். சாந்தமே உருவான முனிவரைத் தேடி வந்தோர் சிலர் ஏமாற்றத்துடன் திரும்பினர். சில நாள்கள் கேட்டுவிட்ட பழையவர்களை, புதியவர்களுக்கு இடம் விடுமாறு அனுப்பிவிடுவதும் உண்டு. சீடர் கூட்டம் சேர்ப்பதில் அவருக்கு நாட்டமில்லை. அக்காலத்தில் ரமணாசிரம நூலகத்தைக் கவனித்துவந்த ஆங்கிலேயர் டேவிட் காட்மன், இந்த அமர்வுகளைப் பற்றி விரிவாக நினைவுகூர்ந்துள்ளார்.

பேச்சுக்கிடையே அவர் பீடி புகைத்தார். குரலும் அதற்கேற்பக் கரகரத்தது. பக்தர்கள் சிலர் இதை ஒரு பற்றற்ற விளையாட்டாக விளக்குவர். அவ்வாறு மழுப்ப வேண்டிய தேவையில்லை. புகையிலை தொண்டைப் புற்றுநோய்க்கு முக்கியக் காரணம் என்பது மருத்துவம் நிறுவிய உண்மை. ஞானம் நுரையீரலுக்குக் கவசமாகும் என்று அவர் எவரிடமும் கூறவுமில்லை.

இறுதி ஆண்டுகள்

1980ஆம் ஆண்டுவாக்கில் அவருக்குத் தொண்டைப் புற்றுநோய் உறுதியானது. போதித்த ஒவ்வொன்றும் சோதிக்கப்பட்ட காலம் இது. உடல் தாம் அல்லர் என்று நெடுங்காலமாகச் சொல்லிவந்தவரின் தொண்டையையே நோய் பற்றியது. உரையாடல்கள் நிற்கவில்லை. நேரம் குறைந்தது, குரல் மெலிந்தது, சொற்கள் சுருங்கின. ஆரம்பநிலைக் கேள்விகளுக்குப் பதில் கூற அவருக்கு வலிமையும் இல்லை, விருப்பமும் இல்லை. நனவுக்கு முன்பு உள்ளது எது என்ற ஒன்றைப் பற்றியே பேசினார். வலி இருக்கிறது என்பதை அவர் மறைக்கவில்லை. நோய் வந்தது உடலுக்கும் அதைச் சார்ந்த நனவுக்கும். தமக்குப் பிறப்புமில்லை, ஆகவே இறப்புமில்லை என்று அவர் தெளிவாக இருந்தார். 1981 ஜூலை வரை அப்பேச்சுகள் பதிவாகியுள்ளன.

அவற்றைத் தொகுத்தவர் ஜீன் டன் என்னும் அமெரிக்கப் பெண்மணி. ரமணாசிரமத்தின் அருகில் வசித்தவர். பம்பாய்க்கு வந்து தங்கி, உரைகளைக் குறித்துவைத்தார். அவர் பதிப்பித்த மூன்று நூல்களில் முதலாவது 1982இலும் இறுதியானது 1994இலும் வெளிவந்தன. பால்சேகரும் 1982இல் தம் குருவின் போதனை குறித்து நூல் எழுதினார். பின்னர் தாமும் தம் இல்லத்தில் உரைகள் நிகழ்த்தி, 2009இல் மறைந்தார். சித்தராமேஷ்வரின் மற்றொரு சீடரான ரஞ்சித் மகராஜ், 2000ஆம் ஆண்டு மறையும்வரை மும்பையில் அதே மரபைத் தொடர்ந்தார்.

நிசர்கதத்தர் வாரிசாக ஒருவரை அமர்த்தி மடம் எதையும் நிறுவவில்லை. செப்டம்பர் 8ஆம் தேதி கேத்வாடி இல்லத்தில் அவர் உயிர் பிரிந்தது. அவரது உடல் வால்கேஷ்வரின் பாணகங்கா மயானத்துக்கு எடுத்துச் செல்லப்பட்டது. நாற்பத்தைந்து ஆண்டுகளுக்கு முன் மறைந்த அவருடைய குரு சித்தராமேஷ்வரின் சமாதியும் அங்கேயே உள்ளது.